பீர் டின் தகடும் ஸ்கேனரும்

ராபர்ட் பிர்ஸிக்கின் 1974 நாவலில், தளர்ந்த ஹேண்டில்பாருக்குள் பீர் டின் தகட்டைச் சொருகலாம்ங்கிறார் கதைசொல்லி. பி.எம்.டபிள்யூ. வைத்திருக்கும் நண்பருக்கு அது அவமானமாகப்படுகிறது. பொருளை அதன் பிராண்டால் அல்லாமல் வேலையால் வாசிக்கும் அருமையான இடம். ஆனா பட்டறைத் தொழிலாளியிடம் வந்ததும் இந்த வாசிப்பு தடுமாறுது. ரேடியோ அலற, டாப்பெட் மூடியை உளிவைத்து உடைத்தவர்களின் அக்கறையின்மை வெறும் மனோபாவமாகச் சுருக்கப்படுகிறது. அவங்க கூலி என்ன, அந்த வேலையில் அவங்களுக்கு என்ன பாத்தியதைங்கிற கேள்வி எழவே இல்லை.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் இந்தியப் புது வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. பல கோளாறுகளைப் படிக்க ஸ்கேனர் வேணும். தெருமுனை மெக்கானிக்குக்கு அக்கறை இருக்கு; கருவியும் தகவலும் கம்பெனி கையில். கழற்றிப் பார்க்கும் உரிமை யாருக்கு என்பதிலிருந்தே பிர்ஸிக்கை மறுவாசிப்புச் செய்யணும்.