விரல் பதிந்த தெய்வங்கள்

ஊரிலிருந்து அப்பா அம்மாவோ சித்தப்பாவோ சிட்னிக்கு வந்தால் ஹரிஸ் பார்க் பக்கத்துத் தமிழர்கள் கூட்டிக்கொண்டு போகும் இடங்கள் அநேகமாக மாறுவதில்லை. ஓபரா ஹவுஸ், ஹார்பர் பாலம், மேஸ் ஹில் முருகன், ஹெலன்ஸ்பர்க் பெருமாள், ஒரு நாள் புளூ மவுன்டன்ஸ், திரும்பி வந்ததும் விக்ரம் ஸ்ட்ரீட்டில் தோசை. ஓபரா ஹவுஸிலிருந்து தாவரவியல் பூங்கா வழியாக இருபது நிமிடம் நடந்தால் வந்துவிடும் நியூ சவுத் வேல்ஸ் ஆர்ட் கேலரி இந்த வரிசையில் சேருவதே இல்லை. இத்தனைக்கும் பொதுக் காட்சிக்கு டிக்கெட்கூடக் கிடையாது. "அங்கே நமக்கு என்ன இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சிலையைப் பற்றியும் ஒரு சிற்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிலை போய்விட்டது. சிற்பி இருக்கிறார்.

முதலில் கட்டடம். 1871இல் தொடங்கிய நிறுவனம் இது. தேன் நிற மணற்கல்லில் கிரேக்கக் கோயில் தோரணையில் நிற்கும் பழைய முகப்பு, வால்டர் லிபர்ட்டி வெர்னன் என்ற அரசுக் கட்டடக் கலைஞரின் வேலை. வெளிச்சுவரின் மேல்பகுதியில் வெண்கல எழுத்தில் பெயர்கள் வரிசையாக ஓடும்: மைக்கலாஞ்சலோ, ரஃபேல், டிஷியன் என்று ஐரோப்பிய மேதைகளாகவே போகும். ஓர் ஆஸ்திரேலியர் பெயர்கூட அதில் இல்லை. வாசலுக்கு மேலே இருந்த மாடம் நூறு வருஷத்துக்கு மேல் வெறுமனே கிடந்து, அண்மையில்தான் விராஜுரி இனத்தைச் சேர்ந்த கார்லா டிக்கன்ஸின் படைப்பு அதில் ஏறியது. 2022 டிசம்பரில் பக்கத்திலேயே ஜப்பானின் சனா நிறுவனம் வடிவமைத்த புதுக் கட்டடத்தைத் திறந்தார்கள். அதன் அடியில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து எண்ணெய்த் தொட்டி ஒன்று இருக்கிறது, இப்போது அதுவும் காட்சிக்கூடம். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

இந்த ஐரோப்பியப் பெயர்களுக்குக் கீழே நுழைந்து ஆசியக் கலைப் பிரிவுக்குப் போனால், பத்து வருஷ காலம் அங்கே ஓர் அர்த்தநாரீசுவரர் நின்றார். சோழர் காலத்துக் கற்சிலை. கேலரி 2004இல் சுபாஷ் கபூர் என்ற நியூயார்க் வியாபாரியிடம் சுமார் 3 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கியது. பிறகுதான் அது விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயில் சுவர் மாடத்தில் இருந்தது என்று தெரியவந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படம்தான் சாட்சி. 2014 செப்டம்பரில் அன்றைய பிரதமர் டோனி ஆபட், கான்பராவின் தேசிய கேலரி வாங்கியிருந்த ஸ்ரீபுரந்தான் நடராஜரோடு இந்த அர்த்தநாரியையும் டெல்லியில் மோடியிடம் ஒப்படைத்தார். போனது நியாயம். அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

ஆனால் ரசிகனாக ஒன்று சொல்ல வேண்டும். கோயிலில் கோஷ்டத்துச் சிலையை நாம் பார்ப்பது பிரதட்சிணம் போகிற வேகத்தில். எண்ணெய் ஏறிய கறுப்பு, மேலே ஒரு துண்டு, மார்பில் பூமாலை, நெற்றியில் விபூதி, பின்னால் வருகிறவரின் அவசரம். முகம் தெரிந்தால் போதும், கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். கேலரியில் துணியும் கிடையாது, பூவும் கிடையாது. இடுப்பில் ஆண் பெண்ணாகும் இடத்தில் ஒரு கோடும் கிழிக்காமல் உளி எப்படிக் கடந்து போயிருக்கிறது என்பதை நின்று பார்க்க முடிந்தது. வலப்பக்கம் நேராக இறங்கும் உடல், இடப்பக்கம் இடுப்பில் ஒடிந்து வெளியே வருகிறது. இரண்டு சரிபாதிகளை ஒட்டவைத்தது போலத் தெரியாமல் ஒரே மூச்சாக இருப்பதுதான் அந்தச் சிற்பியின் சாமர்த்தியம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவெண்காட்டுச் செப்புத்திருமேனியிலும் இதே அதிசயம் உண்டு. ஒரு பக்கம் இரண்டு கை, மறுபக்கம் ஒரே கை, ஆனாலும் பார்ப்பவர் கண்ணுக்குக் குறை தெரியாது.

கல்லிலும் செம்பிலும் நம் மரபு செய்த பெரிய காரியம், செய்தவன் கையைத் தடம் தெரியாமல் அழித்தது. உளிக்கொத்து தெரியக் கூடாது, அரம் போட்ட கோடு தெரியக் கூடாது. சுவாமிமலையில் இன்றும் மெழுகைப் பிடித்து, காவிரி வண்டலைப் பூசி, உலோகத்தை ஊற்றி எடுத்த பிறகு சிற்றுளியும் மெருகும் நாள்கணக்கில் நடக்கும். தெய்வம் தானாக வந்து நின்றது போல இருக்க வேண்டும். இதற்கு நேர் எதிரே ஒரு வேலையைப் பார்க்க வேண்டுமானால் ரமேஷ் மரியோ நித்தியேந்திரனிடம் போக வேண்டும்.

ரமேஷ் 1988இல் கொழும்பில் பிறந்தவர். மறு வருஷமே குடும்பம் போருக்குத் தப்பி சிட்னி வந்தது. படித்தது நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் கலைக் கல்லூரியில், அதுவும் ஓவியம். மண்ணுக்குப் பிறகுதான் வந்தார். வந்த வேகத்தில் 2015இல் ஷெப்பர்ட்டனில் வழங்கப்படும் சிட்னி மையர் நிதியத்தின் பீங்கான் கலை விருதை வாங்கினார். அதை வாங்கியவர்களில் அவர்தான் மிக இளையவர். 2016இல் கான்பரா தேசிய கேலரியில் தனிக்காட்சி. 2022இல் நியூ சவுத் வேல்ஸ் ஆர்ட் கேலரி, அவருடைய 'அவதார் டவர்ஸ்' படைப்பைத் தன் பழைய கட்டடத்து முகப்பு மண்டபத்தில் வைத்தது. வெளியே மைக்கலாஞ்சலோ பெயர், உள்ளே காலடி வைத்ததும் கண்ணை உருட்டிப் பல்லைக் காட்டும் எழுபது உருவங்கள்.

செய்தி வந்தபோது நம் வாட்ஸாப் குழுக்களில் "நம்ம தமிழ்ப் பையன்" என்று பாராட்டு பறந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகு சில குழுக்கள் அமைதியாகிவிட்டன. காரணம் எனக்குப் புரிகிறது. ரமேஷின் உருவங்களில் ஆண்குறியும் முலையும் ஒரே உடம்பில் இருக்கும், தலை மூன்றாக முளைக்கும், நாக்கு தொங்கும். அவர் நாத்திகர். இந்து, கிறிஸ்தவ மரபுகள் இரண்டிலிருந்தும் எடுக்கிறார், இணையத்துச் சில்லறைப் படங்களிலிருந்தும் எடுக்கிறார். மடிசார் பாட்டியோடு போகிறவர்கள் கொஞ்சம் முன்யோசனையோடு போவது நல்லது. ஆனால் நாத்திகம், பாலடையாளம் என்று கருத்துகளாகவே பேசி முடித்துவிட்டால் வேலை கண்ணில் படாமல் போகும். சுவரில் ஒட்டியிருக்கும் விளக்க அட்டை அந்தத் தவற்றைத்தான் நம்மைச் செய்ய வைக்கிறது.

அட்டையை விட்டுவிட்டு மண்ணைப் பாருங்கள். கண் என்று எதையும் அவர் செதுக்குவதில்லை. கட்டைவிரலால் ஒரு குழி, அதற்குள் ஓர் உருண்டை, உருண்டையில் ஒரு துளை. அவ்வளவுதான் கண், ஆனால் முறைக்கும். பல் என்பது கிள்ளி ஒட்டிய மண்துண்டு. தலைமுடிக்கும் கைகளுக்கும் உள்ளங்கையில் உருட்டிய திரிகளை முறுக்குப் பிழிந்தது போல ஒன்றன்மேல் ஒன்று சுற்றியிருப்பார். அழுத்திய இடத்தில் விரல் ரேகை அப்படியே நிற்கும். அதன்மேல் பளபளப்புச் சாந்து, அதாவது கிளேஸ். ரோஸ், மஞ்சள், மயில்நீலம், வழிந்து ஓடி ஒன்றோடொன்று கலந்து, மறுபடியும் சூளைக்குப் போய், மேலே இன்னொரு கை பூசி, கடைசியில் பொன்பூச்சு. பொன்பூச்சு மற்றவற்றைவிடக் குறைந்த சூட்டில் தனியாக வேக வேண்டியது. ஆகவே ஒரே உருவம் மூன்று நான்கு தடவை நெருப்புக்குள் போய் வருகிறது. முதல் தடவைதான் வெடிக்கும் அபாயம் அதிகம். மண்ணின் தடித்த பகுதியில் துளி ஈரம் தங்கினால் போதும், ஆவியாகி உருவத்தையே பிளந்துவிடும். கவனமில்லாதவன் கையால் இவ்வளவு தாறுமாறாக மண்ணைக் குவித்து அதை முழுசாக வெளியே எடுக்க முடியாது. முரட்டுத்தனமாகத் தெரிவது பழகிய கை.

'அவதார் டவர்ஸ்' கூட்டத்தில் வெண்கல உருவங்களும் உண்டு. அவற்றில்தான் எனக்கு அதிக ஆசை. வெண்கலத்திலும் அந்தக் கட்டைவிரல் குழியை, கிள்ளிய விளிம்பை மெருகேற்றி மழுப்பாமல் விட்டிருக்கிறார். சுவாமிமலை ஸ்தபதி பார்த்தால் வேலை முடியவில்லை என்றுதான் சொல்வார். அவர் இலக்கணப்படி அது சரியும்கூட.

ஆனால் தமிழ்நாட்டில் இன்னொரு இலக்கணமும் இருக்கிறது. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் அய்யனார் கோயிலுக்கு மண்குதிரை எடுக்கும் புரவி எடுப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊர் கூடி, குயவரான வேளாரிடம் பிடிமண் கொடுக்கும். அதை வாங்கிக்கொண்டுதான் அவர் வேலை தொடங்குவார். களிமண்ணில் மணலும் உமியும் மிதித்துச் சேர்ப்பார்கள், சூட்டில் விரிசல் விடாமல் இருக்க. கால்களைச் சக்கரத்தில் குழாயாக வனைந்து நிறுத்தி, அதன்மேல் வயிற்றைத் திரியாக ஏற்றி, பலகையால் தட்டித் தட்டி வளைப்பார்கள். உள்ளே முழுவதும் வெற்றிடம். வைக்கோலும் விறகும் மூடிச் சுட்டு, வண்ணம் பூசி, ஊர்வலமாகத் தூக்கிப்போய்க் கோயில் வாசலில் இறக்கினால் அதோடு சரி. மழையில் காது விழும், கால் ஒடியும். யாரும் ஒட்டவைக்க மாட்டார்கள். பழைய குதிரைகளுக்குப் பக்கத்தில் புதுக் குதிரைகள் வந்து நிற்கும். கூட்டமாக நிற்பதே அதன் அழகு, ஒற்றைக் குதிரையைத் தனியே எடுத்து வைத்தால் பாதி வீரியம் போய்விடும்.

ரமேஷ் இந்தப் புரவிகளைப் பார்த்துத்தான் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய வேலையை ரசிக்க நமக்கு வெளியிலிருந்து ஓர் இலக்கணம் இரவல் வாங்கத் தேவையில்லை என்று மட்டும் சொல்கிறேன். அடுக்கடுக்காக உயரும் மேடைகளில் உருவங்களை நெருக்கி நிறுத்துவது கோபுரத்தில் நாம் பார்த்ததுதான். அந்தக் கண்ணைப் பறிக்கும் நிறங்களும் அங்கே உண்டு. கும்பாபிஷேகம் முடிந்து சுதைச் சிற்பங்கள் புதுப் பெயின்ட்டில் ஜொலிக்கும்போது "பெயின்ட் அடிக்காமலே விட்டிருக்கலாம்" என்று மூக்கைச் சுளிப்பவர்கள் இங்கேயும் சுளிப்பார்கள். நானும் அந்தக் கட்சியில் இருந்தவன்தான். ரமேஷின் ரோஸ் நிற ராட்சதனுக்கு முன்னால் நின்ற பிறகு கோபுரத்து ரோஸ் நிற யாளியோடு எனக்கிருந்த சண்டை கொஞ்சம் தணிந்தது.

குறை இல்லாமல் இல்லை. பிற்காலத்தில் அவர் செய்த பிரம்மாண்டமான பொதுவெளிச் சிலைகள் சிலவற்றில் அளவு கூடக் கூட விரலின் கணக்கு மாறிவிடுகிறது. ஒரு சாண் உயரத்தில் கட்டைவிரல் குழி கண்ணாகும். இரண்டு ஆள் உயரத்தில் அதே குழியைப் பெரிதாக்கினால் அது விரல் பட்ட இடமாக இல்லாமல் விரல் பட்டதற்கான படமாகிவிடுகிறது. எனக்கு அவருடைய சின்ன உருவங்களே போதும்.

மண் வேலைக்கு சிட்னியில் ஒரு நல்ல பரம்பரை உண்டு. டார்லிங்ஹர்ஸ்டில் இருக்கும் நேஷனல் ஆர்ட் ஸ்கூல் ஒரு காலத்தில் சிறைச்சாலை. கவிஞர் ஹென்றி லாசன் உள்ளே இருந்த இடம். சுற்று மதிலின் மணற்கற்களில் 1820களில் கைதிகள் வெட்டிய அடையாளக் குறிகளை இன்றும் தடவிப் பார்க்கலாம். அங்கே 1950களிலிருந்து இருபது வருஷத்துக்கு மேல் பீங்கான் கலை சொல்லிக்கொடுத்தவர் பீட்டர் ரஷ்ஃபோர்த். சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்டு, சாங்கி முகாமிலும் சயாம் மரண ரயில்பாதையிலும் கைதியாகக் கிடந்து மீண்டவர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்த அதே பாதை. திரும்பி வந்த அந்த மனிதர், தன்னைச் சிறைப்பிடித்த ஜப்பானுக்கே பின்னாளில் போய் அவர்களுடைய மண்பாண்டக் கலையைப் படித்தார். அவருடைய ஜாடிகளில் நீலம் வழிந்து அடிவிளிம்புக்குச் சற்று மேலே உறைந்து நிற்கும் இடத்தைப் பார்த்தால், ரமேஷின் வழிசல் சாந்துக்கு எதிர்முனை எது என்று விளங்கும். அங்கே அடக்கம், இங்கே அமளி.

சென்னையிலும் 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியில் மண்பாண்டம் ஒரு பாடமாகவே இருந்தது. அதுதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. ராய் சௌத்ரியும் பணிக்கரும் முதல்வர்களாக இருந்த இடம் என்று நினைவில் வைத்திருக்கிறோம், சூளையை மறந்துவிட்டோம்.

அந்த மறதி கடல் கடந்தும் வந்திருக்கிறது. ஹரிஸ் பார்க்கிலும் வென்ட்வொர்த்வில்லிலும் வளரும் நம் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலையில் செலக்டிவ் பள்ளிப் பரீட்சைக் கோச்சிங், மாலையில் பரதமோ மிருதங்கமோ. மேல்வகுப்பில் விஷுவல் ஆர்ட்ஸ் எடுக்கிறேன் என்றால் "ஸ்கேலிங்கில் மார்க் குறையும்" என்று வீட்டில் கூட்டம் கூடிவிடும். வருஷா வருஷம் 'ஆர்ட் எக்ஸ்பிரஸ்' என்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் தேர்ந்தெடுத்த படைப்புகளை இதே ஆர்ட் கேலரியில் வைக்கிறார்கள். அந்தக் கூட்டம் கூட்டும் பெற்றோர்கள் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தைத் தொடரலாம்.

'அவதார் டவர்ஸ்' கேலரியின் சேகரிப்பில் இருந்தாலும் எல்லா நாளும் வெளியே இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஹரிஸ் பார்க்கில் ரயில் ஏறி செயின்ட் ஜேம்ஸில் இறங்கினால் டொமைன் புல்வெளியைக் கடந்து நடந்தே போய்விடலாம். ரமேஷின் உருவம் எது கண்ணில் பட்டாலும் முகத்தைப் பார்த்து முடித்தபின் கழுத்தைப் பாருங்கள். மண்ணில் கழுத்துதான் வம்பான இடம். ஈரத் தலையின் பாரம் தாங்காமல் முதலில் சரிவது அதுதான். வேளாரும் குதிரையின் கழுத்தை ஒரே நாளில் ஏற்றிவிட மாட்டார். கீழ்ப்பாகம் பாதி காய்ந்து பதம் வரும்வரை விட்டுவைத்து, பிறகு அடுத்த சுற்று வைப்பார். உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலைகளை வைக்கிற ரமேஷ், அதற்குத் தோதாகக் கழுத்தைத் தூண் மாதிரி தடிமனாக்கிக்கொள்கிறார், பல சமயம் கழுத்தே இல்லாமல் தோளிலிருந்து நேராக மோவாய்க்குப் போய்விடுகிறார். பூதங்களுக்கு அந்த முரட்டுக் களை வருவதில் பாதி இந்தக் கணக்கிலிருந்து வருகிறது. பின்பக்கமாகப் போய்ப் பார்த்தால் எந்தத் திரி எதன்மேல் ஏறியது என்றுகூட எண்ணிவிடலாம்.