சிப்பாயின் சலங்கை

பங்களாதேஷ் பூர்வீகம் கொண்ட லண்டன் நடனக் கலைஞர் அக்ரம் கான் 2018 இல் மேடையேற்றிய 'செனோஸ்' பற்றி எங்கட வட்டாரத்தில் பெரிதாக யாரும் பேசவில்லை. பேச வேண்டிய ஆற்றுகை அது. செனோஸ் என்றால் கிரேக்க மொழியில் அந்நியன். முதலாம் உலகப் போரில் பிரித்தானியருக்காகப் பத்து இலட்சத்துக்கும் அதிகமான இந்தியச் சிப்பாய்கள் கடல் கடந்தார்கள். அப்போரில் ஏறத்தாழ 74,000 இந்தியச் சிப்பாய்கள் மௌத்தானார்கள். அவர்களில் பஞ்சாபி, பட்டாணி முஸ்லிம்கள் கணிசமானோர். இத்தனை பேரையும் ஒற்றை உடம்பில் ஏற்றிக் காட்டுவதுதான் கானின் முயற்சி. நான் பார்த்தது ஒளிப்பதிவை, மேடையில் அல்ல.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. கதக் ஆடுகிறவன் ஒருவன். பாட்டும் தாளமுமாக ஒரு கல்யாண வீட்டுச் சாயல். பின்னால் செங்குத்தான சரிவு. மேடையில் கிடந்த சாமான்களைக் கயிறுகள் சரிவின் மேலே இழுத்துக்கொண்டு போகின்றன. ஆடியவன் இப்போது பதுங்குகுழிச் சிப்பாய். கிராமபோன் குழல் தேடுவிளக்காகி அவனைத் துழாவுகிறது. காலில் சுற்றியிருந்த சலங்கையை அவிழ்க்கிறான். அது கைவிலங்கு போலவும் தோட்டாச் சரம் போலவும் ஆகிவிடுகிறது.

கானின் உடல் ஆற்றலில் குறை சொல்ல இடமில்லை. எனக்குள்ள கேள்வி வேறு. சடங்கு என்பது சிப்பாய் விட்டு வந்த வீடு, போர் அதைப் பறித்த இயந்திரம் என்றுதான் ஆற்றுகை நம்மை நம்பச் சொல்கிறது. வரலாறு இவ்வளவு லேசானதில்லை. பேரரசு சிப்பாயின் சடங்கைப் பறிக்கவில்லை, பேணி வளர்த்தது.

1914 நவம்பரில் உதுமானியர் ஜிஹாத் அறிவித்ததும், முஸ்லிம் சிப்பாயின் மனசு எந்தப் பக்கம் சாயும் என்ற பயம் பிரித்தானியருக்கு வந்தது. பிரைட்டன் அரண்மனையை இந்தியக் காயக்காரர்களின் ஆஸ்பத்திரியாக்கி, மதமும் சாதியும் பார்த்து ஒன்பது சமையற்கட்டுகள் வைத்தார்கள். அங்கே மௌத்தான முஸ்லிம்களின் ஜனாஸாக்களை வோக்கிங் ஷாஜஹான் பள்ளிவாசலுக்குக் கிட்ட, அவர்களுக்கென்றே ஒதுக்கிய மையவாடியில் அடக்கினார்கள். ஜேர்மனியரும் சும்மா இருக்கவில்லை. பேர்ளினுக்குத் தெற்கே முஸ்லிம் கைதிகளின் முகாமில் 1915 இல் மரத்தாலேயே ஒரு பள்ளிவாசல் கட்டிக் கொடுத்தார்கள். கைதியைத் தொழ விட்டதும் மையித்தை முறையாக அடக்கியதும் நல்ல காரியங்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் அந்த நல்ல காரியத்துக்குள்ளேயே கடிவாளமும் இருந்தது. இந்தச் சிக்கலை 'செனோஸ்' தொடவேயில்லை. சிப்பாயைத் தாங்க அது கிரேக்கப் புராணத்து புரொமித்தியஸைக் கூட்டி வருகிறது. அவன் உலகப் பொது மனிதனாகிறான்; அவன் யாரிடம் சம்பளம் வாங்கினான், யாரை நோக்கிச் சுட்டான் என்பது மங்கிப் போகிறது.

நமக்கு இது தூரத்துக் கதையா? 1915 கலவரத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, இதே இந்தியப் படையின் பஞ்சாபிச் சிப்பாய்கள்தாம் இந்நாட்டுத் தெருக்களில் இறக்கப்பட்டார்கள். நம் மூத்தோருக்கு அவர்கள் காவல். இராணுவச் சட்டத்தின் கீழ் சுடப்பட்ட சிங்களவரின் குடும்பங்களுக்கு அவர்கள் யார்? பிரான்சின் சேற்றில் செத்தவனும் கொழும்பில் துப்பாக்கியோடு நின்றவனும் ஒரே படையின் ஆட்கள். முதலாமவனுக்கு மட்டும் அழுதால் அது பாதி அழுகைதான்.

இருந்தும் அந்தச் சலங்கைக் காட்சியை நான் விட்டுக் கொடுக்கமாட்டேன். கதை சொல்லாததை அது சொல்லிவிடுகிறது. விலங்கும் தோட்டாவும் வெளியிலிருந்து வரவில்லை; அவன் ஆசையோடு கட்டிய சலங்கையிலிருந்தே பிறக்கின்றன. ஆட்டத்துக்குப் பழகிய உடம்புதான் அணிவகுப்புக்கும் பழகுகிறது. பக்தியும் ஒழுங்கும் பணிவும் உள்ளவனைத்தானே படை தேடுகிறது? அந்தச் சில நிமிஷங்களில் கானின் கால்கள் அவருடைய கதையை விட நேர்மையாகப் பேசுகின்றன. நம் இளைஞர் யாராவது 1915 ஐ மேடைக்குக் கொண்டுவர நினைத்தால், புரொமித்தியஸை விட்டுவிட்டு இந்தச் சலங்கையிலிருந்து தொடங்கட்டும்.