சும்மா இருக்கும் படகு

எல்.டி.சி. ரோல்ட்டின் 'நேரோ போட்' 1944இல் வெளிவந்த நூல். 'கிரெஸி' என்ற மரப்படகை வீடாக்கிக்கொண்டு ரோல்ட்டும் மனைவி ஆஞ்செலாவும் 1939 ஜூலையில் பான்பரியிலிருந்து கிளம்பி, இங்கிலாந்தின் மத்தியப் பகுதிக் கால்வாய்களில் சுற்றிய கதை. கால்வாய் வாழ்வின் அமைதிக்கு இதையே மூலப்பிரதியாகக் காட்டுவது வழக்கம். எனக்கு அந்த அமைதியின் மேல்தான் சந்தேகம்.

அளவிலிருந்தே தொடங்கலாம். அப்பகுதி மதகுகளில் பல சுமார் 7 அடி அகலம்தான். ஆகவே படகும் அதற்குள் அடங்க வேண்டும்; நீளம் சுமார் 70 அடி. சரக்குப் படகில் இதில் பெரும்பகுதி நிலக்கரிக்கும் இரும்புக்கும் போய்விடும். ஒரு குடும்பமே சமைத்ததும் தூங்கியதும் பின்பக்கத்துச் சுமார் 10 அடி அறைக்குள். எத்தனை பேர் தங்கலாம் என்று வரம்பு கட்ட 1877இல் சட்டமே போட வேண்டியிருந்தது. கிரெஸியில் சரக்கு இல்லை. குளியல் தொட்டி வைக்கக்கூட இடமிருந்தது. சரக்கு இறங்கிய பிறகுதான் அமைதி ஏறுகிறது.

ரோல்ட்டை வேடிக்கை பார்க்க வந்த கனவான் என்று தள்ளிவிட முடியாது. படகுக்காரர்களின் கைத்திறனை மதித்து எழுதியவர். 1946இல் கால்வாய்களைக் காக்க ஒரு சங்கம் உருவானதில் அவருக்கு நேரடிப் பங்குண்டு. ஆனால் அவரது மதிப்பு அவர்களை மறைந்துகொண்டிருக்கும் பழைய உலகின் மனிதர்களாக நிறுத்திவிடுகிறது. அழகாக்கிய பிறகு கூலி என்னவென்று கேட்பது அநாகரிகமாகிவிடுகிறதல்லவா?

இதற்கு எதிரே எம்மா ஸ்மித்தின் 'மெய்டன்ஸ் ட்ரிப்' (1948) நூலை வைத்துப் படிக்கிறேன். யுத்தகாலத்தில் மூன்று இளம்பெண்கள் எஞ்சின் படகொன்றையும் அது இழுத்துச்செல்லும் இன்னொன்றையும் ஓட்டுகிறார்கள். லண்டனிலிருந்து பர்மிங்ஹாமுக்கு இரும்பு, திரும்பும்போது நிலக்கரி. மழை, பசி, அழுக்கு, வரிசையாக மதகுகள். அமைதியான ஒரு நாளை இதில் தேடித்தான் பிடிக்க வேண்டும். இப்பெண்களின் சின்னத்தில் உள்நாட்டு நீர்வழியைக் குறிக்கும் 'ஐ.டபிள்யூ.' என்ற எழுத்துகள் இருந்தன. கேலிக்காரர்கள் அதை 'ஐடில் விமன்' என்று விரித்தார்கள். அதாவது, சும்மா இருக்கும் பொம்பளைங்க! அவர்களில் ஒருவரான சூசன் வுல்ஃபிட் 1947இல் அந்தக் கேலியையே தன் நூலுக்குத் தலைப்பாக்கினார்.

இந்தக் கேலி தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. நம் ஞானமரபில் சும்மா இருத்தல் உச்சநிலை. நாளெல்லாம் அடுப்படியில் நிற்பவளைப் பற்றிக் கேட்டால், 'வீட்ல சும்மாதான் இருக்கா' என்கிறோம். ஒரே சொல் ஒருவருக்கு ஞானம், இன்னொருவருக்கு ஏச்சு. யார் சும்மா இருக்கிறார் என்பதை உழைப்பு முடிவு செய்வதில்லை. பெயர் வைக்கிற அதிகாரம் முடிவு செய்கிறது.

சரக்குப் போக்குவரத்து ஏறக்குறைய முடிந்துவிட்ட இன்றும் கேள்வி தீரவில்லை. கரையில் நிரந்தர இடம் இல்லாத படகுவாசி பொதுவாக ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்கிறது 1995ஆம் ஆண்டுச் சட்டம். வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் படகேறியவர்களும் இதில் அடக்கம். நிரந்தர இடம் உள்ளவரும் இவரும் பக்கத்துப் பக்கத்தில் படகைக் கட்டி, அதே தண்ணீரைப் பார்த்துத் தேநீர் குடிக்கலாம். முன்னவருக்கு அது பொழுது. பின்னவருக்கு அது பதிமூன்றாம் நாள். இந்தப் பதிமூன்றாம் நாளை எழுதுகிற பிரதியைத்தான் நான் தேடுகிறேன்.