கல்லில் நிற்கும் சொல்

எளிய நடை புலமை குறைந்தோர்க்கு உரியது, அணி நடையே புலமையின் அடையாளம் என்னும் எண்ணம் தமிழாசிரியர் சிலரிடமும் உண்டு. உண்மை இதற்கு மாறானது. எளிதாக எழுதுவதற்குச் செய்தி தெரிந்திருக்க வேண்டும். அடுக்குமொழிக்கு அது வேண்டுவதில்லை.

சிங்கப்பூரின் வடபால் உள்ள கிராஞ்சிப் போர்க் கல்லறையில் இதற்குச் சான்று காணலாம். இரண்டாம் உலகப் போரில் மாண்டவர்களுள் 4,400-க்கு மேற்பட்டோர் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே வகைக் கல். பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த நாள் ஆகியவையே அதில் முதலிடம் பெறுகின்றன. 850-க்கு மேற்பட்டோர் இன்னார் என்று அறியப்படவில்லை. அத்தகையோர் கல்லில், போர்வீரர் ஒருவர் என்றும், அவரைக் கடவுள் அறிவார் என்றும் இருக்கும். தெரியாததைப் புகழ்மொழியால் மூடவில்லை.

இம்முறை தமிழர்க்குப் புதியதன்று. 2006-இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட தமிழ்-பிராமி நடுகற்களுள் ஒன்று, இறந்தவன் பெயரையும் ஊரையும் ‘ஆகோள்’ என்னும் நிகழ்ச்சியையும் சில சொற்களில் சொல்லி நிறுத்திவிடுகிறது. ‘ஆகோள்’ தொல்காப்பியப் புறத்திணையியல் ஆளும் சொல். பல்லவர் காலத்துச் செங்கம் நடுகற்கள் பலவும் அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், நடந்த பூசல் ஆகியவற்றைக் கூறி, ‘பட்டான் கல்’ என முடிகின்றன. பட்டான் என்றால் இறந்தான், அவ்வளவே.

இன்றைய இரங்கலுரைகளை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ‘தன்னிகரற்ற பெருந்தகை’, ‘ஈடுசெய்ய இயலாப் பேரிழப்பு’ என்பன போன்ற தொடர்களே மிகுதி. பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த கூட்டத்திற்கும் அதே உரை பயன்படும். எல்லார்க்கும் பொருந்தும் சொல் எவரையும் காட்டுவதில்லை.

சோழரின் மெய்க்கீர்த்திகள் அணி நடையில் இல்லையா எனக் கேட்கலாம். உள்ளன. ஆயினும் வரலாற்றாசிரியர் அவற்றில் முதலில் தேடுவது அடைமொழிகளை அன்று. வென்ற நாடுகளின் பெயர்களை.

கிராஞ்சியில் உள்ளவர்களுக்குக் கல்லாவது வாய்த்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே மாண்ட தமிழ்த் தொழிலாளருள் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல்லே இல்லை. அவர்கட்கு எழுத்துத்தான் நடுகல். அவர்களைப் பற்றி எழுதுவோர் ‘சொல்லொணாத் துயர்’ என்று சொல்லி நகர்ந்துவிடுவதுண்டு. எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எந்த நோய், திரும்பி வந்தவர் யார் என்பவை சொல்லக்கூடியவையே. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதற்கு ‘சொல்லொணா’ என்பதே துணையாகிவிடுகிறது.

மாணவர் கட்டுரையில் அச்சொல் வரும்போது, ஓரத்தில் ‘சொல்லிப் பார்’ என்று ஆசிரியர் எழுதினால் போதும். நல்ல உரைநடை அங்கே தொடங்கிவிடும்.