ஒளித்துணிக்கையின் திணிவும் உந்தமும்

ஒளிக்கு உந்தம் உண்டு என்று ஆசிரியர் கூறியதும், "உந்தமாவது திணிவை வேகத்தாற் பெருக்க வருவது, ஒளிக்குத் திணிவில்லையேல் உந்தம் எங்ஙனம் உண்டாகும்?" என வினவும் மாணவன் அறிவுடையவன். அவனுக்குப் பாடநூல்கள் சில தரும் விடையே ஈண்டு ஆராயப்படுகின்றது.

ஒளித்துணிக்கையாகிய போட்டனுக்கு ஓய்வுத் திணிவு இல்லை. ஆயின் அதன் சத்தியை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுக்க வரும் 'இயக்கத் திணிவு' உண்டு. அதனை ஒளிவேகத்தாற் பெருக்கின் உந்தம் கிடைக்கும் என்பர் அந்நூலார். கிடைக்கும் எண் சரியே. காட்டிய காரணமே பொருந்தாதது. சத்திக்குத் திணிவென மறுபெயரிட்டுப் பழைய வாய்பாட்டைக் காத்ததன்றி, இதனால் விளங்கிய பொருள் யாது?

சார்புக் கொள்கை கூறும் உறவு வேறு. சத்தியின் வர்க்கம் இரு பகுதிகளின் கூட்டுத்தொகை: ஒன்று உந்தத்தைப் பற்றியது, மற்றையது திணிவைப் பற்றியது. திணிவு பூச்சியமாயின் இரண்டாம் பகுதி மறையும், உந்தம் மறையாது. சத்தியை ஒளிவேகத்தால் வகுத்த அளவாய் அது நிற்கும். திணிவை வேகத்தாற் பெருக்கும் வாய்பாடோ ஒளியினும் மிக மெதுவாய் இயங்கும் பொருள்களுக்கே உரிய அண்ணளவு.

1923 இல் கொம்ப்டன், இலத்திரனில் மோதிய எக்ஸ் கதிரின் அலைநீளம் மாறுவதைச் சத்தியும் உந்தமும் அழியா என்னும் விதிகளால் விளக்கினார். மறுவருடம் டாக்காப் பல்கலைக்கழகத்துச் சத்தியேந்திரநாத் போஸ் பிளாங்கின் விதியைப் புதுவழியிற் பெற்றபோதும் ஒளித்துணிக்கையின் உந்தத்தையே கொண்டார். அக்கணக்குகளில் அதற்குத் திணிவு வேண்டப்படவில்லை. 2010 இல் யப்பான் ஏவிய இக்காரோஸ் விண்கலமும் ஞாயிற்றொளியின் தள்ளுகையைப் பாயில் ஏற்று வேகம் பெற்றது. புவியின் தூரத்தில், ஒளியை முழுதும் தெறிக்கும் ஒரு சதுரமீற்றர்ப் பாயில் அத்தள்ளுகை ஏறத்தாழ ஒரு மில்லிகிராமின் நிறைக்கே ஒப்பாகும். பாப்பாமோட்டை வெயிலின் சூட்டை உணரும் நாம் அதன் தள்ளுகையை உணராமைக்குக் காரணம் இச்சிறுமையே.

கண்ணாடிப் பெட்டியுள் அடைபட்ட ஒளி பெட்டியின் திணிவைக் கூட்டும் என்பது மெய். ஆயின் அது தொகுதியின் திணிவு. எதிரெதிர்த் திசைகளிற் செல்லும் போட்டன்களின் உந்தங்கள் ஒன்றையொன்று நீக்க, சத்தி எஞ்சுவதால் வருவது. தனிப் போட்டன்மேல் அதனை ஏற்றுதல் தகாது.

சொல்லும் மயக்கம் செய்கின்றது. தமிழகத்து நூல்களில் 'நிறை' எனப்படுவது நம் 'திணிவு'. நம் நூல்களில் 'நிறை' என்பதோ எடை. இருகரை நூல்களையும் பயிலும் மாணவனுக்கு இவ்வேறுபாட்டை முன்னரே உணர்த்தல் வேண்டும்.

"நீ கற்ற வாய்பாடு இங்குச் செல்லாது" எனக் கூறுதல் ஆசிரியர்க்கு இழுக்கன்று. செல்லாததைச் செல்லுவதாகக் காட்டுதலே இழுக்கு.