கோலை விடுங்கள், வேலையைப் பாருங்கள்

ஐஸ் ஹாக்கியை முதன்முதலாகப் பார்க்கிற யாருக்கும் எரிச்சல்தான் வரும். பக் என்று சொல்லப்படும் கறுப்பு ரப்பர் வில்லை கண்ணிலேயே படாது. மூன்று அங்குல விட்டம், ஓர் அங்குலத் தடிமன், எடை அதிகம் போனால் 170 கிராம். பனித்தரையில் துள்ளாமல் வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காக, ஆட்டத்துக்கு முன்பே அதை உறையவைத்துக் கொண்டுவருகிறார்கள். பலமான அடி விழுந்தால் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். அதையே துரத்திக்கொண்டிருந்தால் கண் வலிதான் மிச்சம். கோல் விழுந்த விதம்கூட ரீப்ளேயில்தான் புரியும்.

பக்கை விட்டுவிட்டு, ஓர் ஆட்டக்காரர் எந்த வேலைக்காகச் சம்பளம் வாங்குகிறார் என்று பார்க்கத் தொடங்குங்கள். ஆட்டம் மெல்லப் பிடிபடும். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கண் ஏற்கெனவே உண்டு. ஆலையில் புதிதாகச் சேர்ந்தவர்களில் யாருக்கு வேலை தெரியும், யார் பரபரப்பு மட்டும் காட்டுகிறார் என்பதை அரை நாளில் சொல்லிவிடும் ஊர்கள் இவை.

நேரமும் நமக்குத் தோதுதான். வட அமெரிக்காவின் என்.எச்.எல். தொடர் அக்டோபரில் தொடங்கி ஜூன் வரை நீளும். டொரன்டோவில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்குக் காலை 5.30. வான்கூவரில் ஏழு மணி என்றால் இங்கே 8.30. சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்து, டிபன் சாப்பிட்டுவிட்டுப் படுப்பதற்குள் ஓர் ஆட்டம் பார்த்துவிடலாம்.

முதலில் பெஞ்சைப் பாருங்கள்

கோல்கீப்பரையும் சேர்த்து ஓர் அணிக்கு ஆறு பேர். இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதிகள். ஆனால் கோல்கீப்பர் தவிர யாரும் நீடித்துக் களத்தில் நிற்பதில்லை. முக்கால் நிமிடம் உயிரைக் கொடுத்து ஆடிவிட்டுப் பெஞ்சுக்கு வந்துவிடுவார்கள். அடுத்த செட் தடுப்பைத் தாண்டிக் குதிக்கும். ஆட்டம் அதற்காக நிற்காது. அசெம்பிளி லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிலீவர் வந்து இடம் மாற்றிக்கொள்வது போன்ற விஷயம் இது. மாற்று ஆள் முந்திக்கொண்டு ஆட்டத்தில் கைவைத்தால், கூடுதல் ஆளை இறக்கிய குற்றத்துக்கு இரண்டு நிமிடம் ஓர் ஆளை இழக்க வேண்டும். தாமதமானால் எதிரணிக்கு வழி திறந்துவிடும்.

இதில் இரண்டு நுணுக்கங்களைத் தெரிந்துகொண்டால் போதும், பாதி ரசிகர் ஆகிவிடுவீர்கள்.

ஒன்று, இரண்டாம் பகுதி. அணிகள் பக்கம் மாறுவதால், தங்கள் கோல் பக்கத்திலிருந்து சொந்த பெஞ்சுக்குப் போகும் தூரம் கூடிவிடும். தற்காத்து ஆடிக் களைத்தவர் சட்டென்று வெளியேற முடியாது. அவர் மாட்டிக்கொண்டதைக் கவனித்த எதிரணி பக்கை வெளியே விடாமல் சுற்றிச் சுற்றி ஆடும்.

இன்னொன்று, ஐசிங். நெருக்கடி தாங்காமல், நடுக்கோட்டைத் தொடும் முன்பே பக்கை மறுமுனைவரை அடித்துத் தள்ளிவிடுவது குற்றம். தள்ளிய அணி ஆள் மாற்றக் கூடாது. ஆட்டம் மறுபடி அவர்கள் கோல் பக்கத்திலேயே தொடங்கும். மூச்சிரைத்து, முழங்காலில் கை ஊன்றி நிற்கும் அதே ஐந்து பேர், எதிரே புதிதாக வந்து நிற்கும் ஐந்து பேர். கோல் விழுகிறதோ இல்லையோ, அடுத்த முப்பது வினாடி கண்ணை எடுக்காதீர்கள்.

பக்கை யார் எடுக்கிறார்?

ஒவ்வொரு முறை ஆட்டம் நின்றதும் ஃபேஸ் ஆஃப் மூலம்தான் மீண்டும் தொடங்கும். இரு அணிகளின் சென்டர்கள், அதாவது நடு ஆட்டக்காரர்கள், குனிந்து நேருக்கு நேர் நிற்பார்கள். நடுவர் பக்கைப் போடுவார். தன் எல்லைக்குள் தற்காத்து நிற்பவர்தான் முதலில் மட்டையைத் தரையில் வைக்க வேண்டும். தாக்கும் அணிக்கு விதி தரும் சின்னச் சலுகை அது. முந்திக்கொண்டு அசைந்தால் நடுவர் விரட்டிவிட்டு வேறு ஆளைக் கூப்பிடுவார். இருவர் கண்ணும் நடுவரின் விரலில்தான் இருக்கும். பக் தரையைத் தொடும் கணத்தில் ஒருவர் மட்டையைப் புரட்டிப் பின்னால் இழுப்பார், அல்லது எதிராளியின் மட்டையை மடக்கிப் பிடித்துக்கொண்டு காலால் பக்கை ஒதுக்குவார். ஒரு வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இந்த ஒரு வினாடியை வைத்தே வாழ்ந்தவர் மேனி மல்ஹோத்ரா. 1980-இல் கனடாவின் மிசிசாகாவில் பிறந்தவர். அப்பா பஞ்சாபி, அம்மா கியூபெக்கைச் சேர்ந்தவர். கிளப்கள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1998-இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அவரை ஏழாவது ஆளாக எடுத்தது. அந்த இடத்தில் எடுக்கப்படுகிறவர் கோல் குவிப்பார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அவர் 16 சீசன்களில் ஏழு கிளப்களுக்காக 991 ஆட்டங்கள் ஆடி அடித்தது 116 கோல். எட்டு ஒன்பது ஆட்டத்துக்கு ஒரு கோல்.

பிறகு எதற்காக அவரை வைத்திருந்தார்கள்? ஆள் குறைந்து நிற்கும் இரண்டு நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐவருக்கு எதிராக நால்வர், அதுவும் சொந்த கோல் பக்கத்தில் ஃபேஸ் ஆஃப். மல்ஹோத்ரா பக்கை வென்று பின்னால் தள்ளுவார். கூட்டாளி அதை மறுமுனைக்கு அடிப்பார். ஆள் குறைந்த அணிக்கு ஐசிங் குற்றம் கிடையாது. எதிரணி பக்கைத் தேடி எடுத்துத் திரும்பி வருவதற்குள் பதினைந்து, இருபது வினாடி கரைந்துவிடும். 2010-11 சீசனில் வான்கூவர் கனக்ஸ் அணிக்காக அவர் எடுத்த ஃபேஸ் ஆஃப்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் வென்றார். இந்த ஆட்டத்தில் ஐம்பத்தைந்தே பெரிய விஷயம்.

காயத்தையும் சேர்த்துத்தான் தொழில்

அதே சீசனில், 2011 மார்ச் 16 அன்று, கொலராடோ அணிக்கு எதிரான ஆட்டத்தில் பக் அவருடைய இடது கண்ணில் பட்டது. அறுவை சிகிச்சைகள் நடந்தன. கண்ணை நம்பிப் பிழைத்தவர் அத்தோடு முடிந்தார் என்றே பேச்சு. ஆனால் ஜூன் 4-ஆம் தேதி, ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் முகக்கவசம் அணிந்து களமிறங்கினார். வான்கூவர் அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. கோப்பை பாஸ்டனுக்குப் போனது.

கதை அங்கே நிற்கவில்லை. பார்வைக் குறையோடு ஆடுவது ஆபத்து என்று 2013-இல் கிளப்பே அவரை ஆடவிடாமல் நிறுத்தியது. அவர் ஒரு படி இறங்கி, இரண்டாம் நிலைத் தொடரான ஏ.எச்.எல்.-இல் சார்லட் அணியில் சேர்ந்து, அங்கிருந்து மறுபடி என்.எச்.எல்.-க்கு ஏறி இன்னும் இரண்டு சீசன் ஆடினார். பின்னர் பயிற்சியாளர். 2024-இல் ஏ.எச்.எல்.-இன் அபாட்ஸ்ஃபோர்ட் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகி, முதல் சீசனிலேயே அந்தத் தொடரின் 2025-க்கான கால்டர் கோப்பையை வென்று கொடுத்தார். அந்த அணியில் கனடாவின் சர்ரேயில் பிறந்த பஞ்சாபி வம்சாவளி இளைஞர் அர்ஷ்தீப் பெயின்ஸும் இருந்தார்.

நம் நாட்டு ஆட்டக்காரர்கள்

இந்தியாவில் இந்த ஆட்டத்தின் தாய்வீடு லடாக். அங்கே கிளப் கான்ட்ராக்ட், ஏலம் எதுவும் இல்லை. ஆட்டத்தால் பிழைக்க வேண்டுமென்றால் ராணுவத்திலோ இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையிலோ சேர்வதே வழி. நம்மூர் ஹாக்கியில் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, ரயில்வே அணிகள் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எத்தனையோ குடும்பங்களை நிமிர்த்தியது போலத்தான். இயற்கைப் பனி இரண்டு மாதம் நின்றால் அதிகம். லே நகரின் கர்சூ குளம் உறைந்ததும் பயிற்சி. உருகியதும் பயிற்சி முடிந்தது.

பெண்கள் அணியைத் தவறவிடாதீர்கள். 2016-இல் தைபேயில் முதல் சர்வதேசப் போட்டி. 2017-இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று சாய்த்து முதல் வெற்றி. 2025-இல் ஐக்கிய அரபு எமிரேட்ஸின் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம். அணியின் கோல்கீப்பராக ஆடிய நூர் ஜஹானுக்குப் பிழைப்பு வேறு: பழைய தங்கா ஓவியங்களையும் சுவரோவியங்களையும் பழுதுபார்த்துக் காப்பது. பனியில் நிற்கும் கோல்கீப்பரைப் பார்க்கும்போது கையைவிடக் காலைக் கவனியுங்கள். சற்று முன்னே வந்து நின்றாலே அடிப்பவருக்குத் தெரியும் கோல் பாதியாகச் சுருங்கிவிடும். நல்ல கோல்கீப்பர் பாய்வது குறைவு. முன்கூட்டியே அங்கே நிற்பார்.

முதல் ஆட்டத்துக்கு ஒரு திட்டம்

டிவியில் பார்க்கும் முன் கண்ணைப் பழக்க வேண்டுமென்றால், அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு சாந்திநகர்ப் பக்கம் உள்ள ஃபீல்டு மார்ஷல் கரியப்பா மைதானத்தில் ஒரு ஹாக்கி ஆட்டம் பாருங்கள். அங்கேயும் ஆட்டம் நடக்கும்போதே ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பெஞ்சுக்கு நேர் எதிரே உட்கார்ந்தால் பயிற்சியாளரின் கணக்கு புரியும்.

பிறகு ஐஸ் ஹாக்கி. முதல் பகுதியில் ஒரே ஓர் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்து, பக் எங்கே போனாலும் அவரை மட்டும் பாருங்கள். இரண்டாவது பகுதியில் ஆள் மாற்றத்தைக் கவனியுங்கள். மூன்றாவதில் ஃபேஸ் ஆஃப். கடைசி ஓரிரண்டு நிமிடத்தில் பின்தங்கிய அணி கோல்கீப்பரையே வெளியே எடுத்து ஆறாவது தாக்குதல்காரரை இறக்கும். காலி கோலைப் பின்னால் விட்டு ஆடும் அந்தச் சூதாட்டத்தில், ஆட்டத்தின் தலைவிதியை ஒரு ஃபேஸ் ஆஃப் தீர்மானிக்கலாம்.

ஆட்டம் முடிந்ததும் கோல் அடித்தவர் பட்டியலோடு மூடிவிடாதீர்கள். அதன் கீழே யார் எத்தனை நிமிடம் பனியில் நின்றார், எத்தனை ஃபேஸ் ஆஃப் வென்றார், ஆள் குறைந்தபோது யாரை அனுப்பினார்கள் என்ற அட்டவணை இருக்கும். கோல் கட்டத்தில் பூஜ்யமும், ஆள் குறைந்த நேரக் கட்டத்தில் பெரிய எண்ணும் உள்ள பெயரைத் தேடுங்கள். அடுத்த ஆட்டத்தில் நீங்கள் பார்க்க வேண்டியவர் அவர்தான்.