பல் ஒட்டுச் சிகிச்சையின் குணதோஷங்கள்

உடைந்தும், நிறம் மாறியும், இடைவெளி விட்டும் அமைந்த முன்பற்களைச் செப்பனிடுவதற்கு இக்காலத்துப் பல் வைத்தியர்கள் கையாளும் முறைகள் பலவாயினும், பல்லிலிருந்து ஏறக்குறைய எதையும் எடுத்துவிடாமல், பல்லின் நிறத்தையுடைய ஒரு பிசின் கலவையை அதன்மேல் வைத்து உருவாக்கி, ஒளியினால் இறுகச் செய்து, மெருகேற்றி முடிக்கும் 'பாண்டிங்' என்னும் ஒட்டுச் சிகிச்சை அவற்றுள் தனி ஸ்தானம் பெற்று விளங்குகின்றது. 'கேப்' என்று ஜனங்கள் வழங்கும் உறையைப் பொருத்த வேண்டுமானால் பல்லை நாற்புறமும் சீவியாக வேண்டும். 'வெனீர்' என்னும் பீங்கான் தகட்டைப் பதிப்பதற்கும் பெரும்பாலும் பல்லின் முன்முகத்தை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் ஆழம் தேய்த்தாக வேண்டும். ஒட்டுச் சிகிச்சையோ சேர்ப்பதையே தொழிலாகக் கொண்டது. இந்த அஹிம்சையே அதன் தலையாய குணம். நெடுநாள் நிலையாமையே அதன் தலையாய தோஷம். இவ்விரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதை உணராமல் இதனைப் புகழ்வாரும் இகழ்வாரும் பாதி உண்மையையே பேசுகின்றனர்.

பல்லின் மேலுறையாகிய எனாமல் எடையில் 96 சதவீதம் தாது உப்புக்களால் ஆனது. நம் தேகத்திலேயே மிகக் கடினமான பொருளும் அதுவே. அதன் வழவழப்பான முகத்தில் எதுவும் நிலையாக ஒட்டாத காரணத்தால், முற்காலத்து வைத்தியர்கள் வாய் குறுகி உள்ளே அகன்ற குழியைக் குடைந்து, அடைப்பு கழன்று விழாதபடி அதில் சிக்க வைத்தனர். சிறு சேதத்திற்காக நல்ல பல்லில் பெரும்பகுதி பலியாயிற்று. உலோகத் தகடுகளில் வர்ணம் நன்றாகப் பிடிப்பதற்காகத் தொழில் துறையினர் பாஸ்பாரிக் அமிலத்தை உபயோகிக்கும் வழக்கத்தைக் கவனித்த மைக்கேல் புவோனோகோர் என்ற அமெரிக்க அறிஞர், அதே உபாயத்தைப் பல்லில் பரிசோதித்து, 85 சதவீத அமிலத்தை 30 விநாடி தடவிக் கழுவிய எனாமலில் அக்ரிலிக் பிசின் முன்னிலும் பன்மடங்கு காலம் பற்றி நிற்பதை 1955ஆம் ஆண்டில் வெளியிட்டார். பூச்சு வேலைக்கு முன் கொத்தனார் சுவரைக் கொத்திவிடுவது போல, அமிலம் எனாமலில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகளை உண்டாக்க, பிசின் அவற்றுள் இறங்கி இறுகிப் பற்றிக்கொள்கின்றது. 1962ஆம் ஆண்டில் ரேஃபல் போவன் என்பவர் காப்புரிமை பெற்ற புதிய பிசினும், அதனோடு ரசாயனப் பிணைப்புக் கொண்ட சிலிக்காத் துகள்களும் 'காம்போசிட்' என்னும் இன்றைய கலவைக்கு அஸ்திவாரமாயின. நீல ஒளி பட்ட பிறகே இறுகும் வகை பின்னர் வந்து, வைத்தியர் அவசரமின்றி உருவத்தைத் திருத்திக்கொள்ளும் சௌகரியத்தை அளித்தது.

செய்முறை கேட்பதற்கு எளிது. உலர்ந்த பல் தன் இயல்பினும் வெளுத்துத் தோன்றும் ஆதலால் ஈரம் காயுமுன்பே நிறத்தைத் தேர்ந்துகொண்டு, எச்சில் படாதபடி ரப்பர் திரை கட்டி, 37 சதவீத அளவுள்ள அமிலத்தைச் சிறிது நேரம் வைத்துக் கழுவி உலர்த்தி, ஒட்டுத் திரவத்தைத் தடவி, கலவையை இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்படாத அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் ஒளியால் இறுக்கி, முடிவில் தேய்த்து மெருகிடுகின்றனர். பெரும்பாலும் மரத்துப்போகச் செய்யும் ஊசி வேண்டியதில்லை. சில பற்களே ஆயின் ஒரே அமர்வில் காரியம் முடிந்துவிடும். ஆயினும் இந்த வரிசையின் ஒவ்வொரு படியிலும் பிழைக்கு இடமுண்டு. அமிலம் வைத்த பரப்பில் எச்சிலோ ரத்தமோ பட்டால் பிடிப்புத் தளரும். ஒளி போதாவிடில் உட்புறம் சரியாக இறுகாது. இறுகும்போது கலவை கன அளவில் 2 முதல் 3 சதவீதம் சுருங்குவதால், அடுக்கைத் தடிப்பாக வைத்தால் விளிம்பில் இடுக்கு விழும். பீங்கான் தகட்டைத் தொழிற்கூடத்தில் மேஜைமேல் வைத்து நிதானமாகச் செய்யலாம். இதையோ வைத்தியர் நோயாளியின் வாய்க்குள்ளேயே செய்தாக வேண்டும். ஆகவே, இச்சிகிச்சையின் பலாபலன் வாங்கிய கலவையின் விலையைக் காட்டிலும் வைத்தியரின் கைத்திறத்தையும் பொறுமையையுமே பெரிதும் சார்ந்திருக்கின்றது.

இதன் குணங்கள் நன்கு விளங்குவது விபத்துக்குள்ளான இளம் பற்களிடத்தில். விளையாட்டில் விழுந்து முன்பல்லின் ஓரம் உடைந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு, உள்ளிருக்கும் நரம்பறை இன்னும் விசாலமாயிருப்பதால், பல்லைச் சீவி உறையிடுவது நரம்புக்கே அபாயமாக முடியலாம். ஒட்டுச் சிகிச்சையோ உடைந்த அளவையே ஈடு செய்து, பிற்காலத்தில் வேறு சிகிச்சைக்குரிய வாசலையும் அடைக்காமல் விடுகின்றது. விளிம்பு சிதைந்தால் சிதைந்த இடத்தை மட்டும் திருத்திக்கொள்ளலாம் என்பதும், பீங்கானினும் செலவு குறைவு என்பதும் மேலும் இரு நன்மைகள்.

நம் நாட்டில் இதற்கு மற்றொரு பிரயோஜனமும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரிலுள்ள மிகுதியான ஃப்ளோரைடு, குழந்தைப் பருவத்தில் எனாமல் உருவாகும்போதே அதைப் பழுதாக்கி, பழுப்புத் திட்டுகளையும் பள்ளங்களையும் ஆயுள் முழுவதற்கும் பதித்துவிடுகின்றது. 2013ஆம் ஆண்டில் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொடுத்து, இனி வரும் தலைமுறைக்குத் துணை செய்யலாமேயன்றி, பழைய கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தோரின் கறையைக் கழுவ இயலாது. சிரிக்கும்போது கையால் வாயை மறைக்கும் அவர்களுக்கு ஒட்டுச் சிகிச்சை ஆடம்பரம் ஆகாது. ஆனால், அத்தகைய எனாமலின் மேற்பரப்பு அமிலத்திற்கு எளிதில் இணங்காமையால், அமிலத்தை அதிக நேரம் வைத்தோ, மேற்பரப்பை இலேசாகத் தேய்த்தோ பிடிப்பை வருவிக்க வேண்டியிருக்கின்றது. பல்லை ஒரு சிறிதும் தொடாத சிகிச்சை என்ற பெருமை இங்கே சற்றுக் குறைகின்றது.

இனித் தோஷங்களைப் பார்ப்போம். சுட்ட பீங்கானை அளவுக்குச் செய்து பொருத்த வேண்டுமானால் அதற்கு இடம்விடப் பல்லைத் தேய்க்க நேரிடுகின்றது. வாயிலேயே பிசைந்து இறுக்கும் பிசினுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. அந்தப் பிசின்தன்மையே பின்னர்ப் பலவீனமாகின்றது. பீங்கானைப் போல அது கடினமன்று. தேய்கின்றது, மெருகு மங்குகின்றது, நிறத்தை உறிஞ்சுகின்றது. காப்பியும் தேநீரும், மஞ்சள் கலந்த குழம்பும், வெற்றிலை பாக்கும் புகையிலையும் நித்திய வழக்கமாயுள்ள நம்மவர் வாயில் இது சிறு குறையன்று. மூன்று ஆண்டில் பொலிவிழப்பனவும் உண்டு. பத்து ஆண்டு தாங்குவனவும் உண்டு. உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்க்கும், நகம் கடிப்பவர்க்கும், பாட்டில் மூடியைப் பல்லால் திறப்பவர்க்கும் அது விரைவில் உடையும். ஈறோரத்தில் விளிம்பு துருத்திக்கொண்டு நின்றால் அங்கே அழுக்குத் தங்கி, ஈறு சிவந்து ரத்தம் கசியும். அழகுக்காகச் செய்த காரியம் ஆரோக்கியத்திற்கு ஹானியாக முடியும்.

விளம்பரங்களில் அடிக்கடி காணப்படும் ஒரு வாக்கு தனியே ஆராயத்தக்கது. வேண்டாதபோது எடுத்துவிட்டால் பல் பழையபடியே இருக்கும் என்கின்றனர். கொள்கையளவில் இது பெரும்பாலும் மெய். ஆனால், பல்லின் நிறத்தோடு ஒன்றிவிட்ட கலவையைச் சுழலும் கருவியால் அகற்றும்போது, எங்கே கலவை முடிந்து எங்கே பல் தொடங்குகின்றது என்று காண்பது தேர்ந்த கண்ணுக்கும் எளிதன்று. சிறிதளவு எனாமல் உடன் போகவே செய்யும். எனாமல் மீண்டும் வளர்வதில்லை. இருபது வயதில் தொடங்கிச் சில ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் அகற்றிப் புதுப்பித்துக்கொண்டு போகிறவர், ஒரே நாளில் இழக்காததைத் தவணை முறையில் இழக்கின்றார். எனவே, திருத்தத்தக்கதைத் திருத்தி, அவசியம் நேர்ந்தாலொழிய முழுவதையும் அகற்றாமலிருப்பதே இச்சிகிச்சையின் தர்மத்திற்கு இசைந்தது.

இவற்றினும் பெரிய தோஷம் உபயோகிப்பவரின் நோக்கத்தில் இருக்கின்றது. நடு வயதில் புதிதாகத் தோன்றும் பற்சந்து, பல்லைத் தாங்கும் எலும்பு ஈறுநோயால் கரைந்து, பல் இடம்பெயர்ந்ததன் அடையாளமாக இருக்கக்கூடும். அதைக் கலவையால் மூடிவிடுவது நோயின் அடையாளத்தை மறைப்பதேயன்றிச் சிகிச்சையாகாது. குறையேதும் இல்லாத பற்களையும், வெண்மை போதவில்லை என்ற ஒரே காரணத்திற்காக, வரிசையாக மூடிக்கொள்ளும் மோகமோ வேறு வகையானது. 1930களில் ஹாலிவுட் நடிகர்களுக்காகச் சார்ல்ஸ் பின்கஸ் என்ற வைத்தியர் செய்த மெல்லிய தகடுகள் காமிராவின் முன் நிற்கும் நேரத்திற்கு மாத்திரம் ஏற்பட்டவை. அவற்றோடு உண்ண முடியாது என்பதை அணிந்தவரும் அறிந்தே அணிந்தனர். அந்த வெண்மையை அன்றாட வாழ்க்கைக்கு உரியதென்று இன்று விரும்புகின்றனர். நம் கவிஞர்கள் பல்லுக்கு உவமை கூறிய முத்தும் முல்லையரும்பும் காகிதம் போல வெளுத்தவை அல்ல. முத்தில் உள்ளொளியும், அரும்பில் பசுமை கலந்த மென்மையும் உண்டு. மெய்யான பல்லும் நுனியில் சற்றே ஒளி ஊடுருவி, ஈறோரத்தில் மஞ்சள் சாயலுற்று விளங்குவது. அந்தப் பேதங்களை அழித்து ஒரே நிறத்தில் பூசுவது சௌந்தரிய உணர்ச்சிக்கே பொருந்துவதில்லை.

ஆதலின், இச்சிகிச்சையை நாடுவோர் முதலில் ஈறுநோயையும் சொத்தையையும் குணப்படுத்திக்கொள்ள வேண்டும். பற்களை வெளுக்கச் செய்ய விரும்பினால், ஒட்டிய கலவை பின்னர் வெளுக்காது ஆகையால், அதை முன்னதாகச் செய்து, பிடிப்புக்கு இடையூறு நேராதபடி ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்தே ஒட்டுவதற்கு வர வேண்டும். வைத்தியர்களும் இது எத்தனை ஆண்டு தாங்கக்கூடும், புதுப்பிக்கும் செலவு யாது என்பவற்றை முன்கூட்டியே மனம் திறந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள். உடைந்த பல்லுக்கும், கறைபட்ட எனாமலுக்கும், இயல்பாக அமைந்த சிறு சந்துக்கும் இதுவே முதலில் நாடத்தக்க சிகிச்சை என்பது நம் அபிப்பிராயம். நல்ல பற்களை வெண்மைக்காக மூடுவதற்கு இது தகுந்ததன்று.